நடுவர் கண் தவறினால்...

தெல்லிப்பழையில் உதைபந்தாட்டம் வெறும் பொழுதுபோக்கன்று. அது ஊரின் மானத்தோடு பிணைந்ததொரு கலை. 1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் தொடக்கிய பாடசாலையின் வழிவந்த யூனியன் கல்லூரியும், 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை நிறுவிய மகாஜனக் கல்லூரியும் இவ்வூரின் இரு கண்கள் எனலாம். மகாஜனாவின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் உதைபந்தாட்டமும் உடன் நினைவுக்கு வருவது வடபுலத்தில் வழக்கமாகிவிட்டது. ஆண்பிள்ளைகளுக்கே உரியதென்று ஒரு காலத்தில் எண்ணப்பட்ட இவ்விளையாட்டில், அக்கல்லூரியின் பெண்பிள்ளைகளும் அகில இலங்கைப் போட்டிகளில் வாகை சூடி ஊருக்குப் பெருமை தேடித் தந்திருக்கின்றனர்.

இத்தகைய ஊரில் ஓர் ஆட்டம் தோற்றுப்போனால் அன்றிரவு பல வீடுகளில் அதுவே பேச்சாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அப்பேச்சைச் சற்றே செவிமடுத்துப் பாருங்கள். "எதிரணி நன்றாக விளையாடியது" என்று சொல்வார் சிலரே. "எங்களைத் தோற்கடித்தது அவர்களல்லர், றெபரிதான்!" என்ற குற்றச்சாட்டே உரத்து ஒலிக்கும். தந்தையார் தலையசைப்பார்; தமையன் மேலும் இரண்டு சான்றுகள் கூறுவான்; பக்கத்திலிருந்து சோறுண்ணும் சிறுவன் அனைத்தையும் மனத்தில் வாங்கிக்கொள்வான். அச்சிறுவன் அன்று கற்றுக்கொள்ளும் பாடம் யாது என்பதே இங்கு நாம் ஆராயப்புகும் பொருள்.

நடுவர் தவறு செய்வதுண்டா? உண்டு; அதில் ஐயமேயில்லை. உதைபந்தாட்ட மைதானம் நூறு யார் முதல் நூற்றுமுப்பது யார் வரை நீளமுடையது. அதில் இருபத்திரண்டு பேர் ஓடுகின்றனர். அவர்களைக் கண்காணிக்க ஒரு நடுவரும் கோட்டோரத்தில் இரு உதவியாளருமே உள்ளனர். ஓப்சைட் விதியை மாத்திரம் எண்ணிப் பாருங்கள். பந்து ஒருவனுடைய காலைவிட்டு நீங்கும் கணத்தையும், அதே கணத்தில் முப்பது யாருக்கப்பால் நிற்கும் மற்றொருவன் எதிரணியின் பின்காவலரைத் தாண்டி நிற்கின்றானா என்பதையும் ஒருங்கே காணவேண்டும். இரண்டு இடங்களை ஒரே கணத்தில் நோக்கும் கண்ணை இறைவன் எவருக்கும் அருளவில்லை.

உலகப் பேரரங்குகளிலும் இதுவே நிலை. 1986ஆம் ஆண்டு யூன் 22ஆம் நாள் மெக்சிக்கோ நகரில், ஆர்ஜென்டீனாவின் மரடோனா இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் தட்டிய பந்தைக் கோல் என்றே நடுவர் ஏற்றுக்கொண்டார். 2010இல் தென்னாபிரிக்காவில் இங்கிலாந்தின் லம்பாட் உதைத்த பந்து ஜெர்மனியின் கோல் கோட்டைத் தெளிவாகக் கடந்து மீண்டது. அதனை நடுவர் கோலாகக் கொள்ளவில்லை. அதன்பின் கோல் கோட்டைக் கண்காணிக்கும் கருவிகள் 2012இல் அங்கீகாரம் பெற்றன. 2018ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் காணொளி நடுவரும் வந்து சேர்ந்தார். ஆனால் பாடசாலை மைதானத்துக்கு அத்துணைக் கருவிகளும் எங்கிருந்து வரும்? அங்கே ஒரு விசிலும் இரண்டு கொடிகளும் மனிதக் கண்களுமே துணை.

ஆகவேதான், ஆட்ட நிகழ்வுகள் பற்றிய நடுவரின் தீர்ப்பே முடிவானது என்று விதி வகுத்தனர் முன்னோர். நடுவர் பிழைவிடார் என்பதன்று அதன் பொருள். பிழைவிடினும் ஒருவர் சொல்லுக்கு எல்லோரும் கட்டுப்பட்டாலன்றி ஆட்டம் நடவாது என்பதே பொருள். அக்கட்டு அறுந்தால் விளைவது என்ன என்பதற்கு 1964ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் பெரு நாட்டின் லீமா நகரில் நிகழ்ந்த கொடுமையே சாட்சி. ஆர்ஜென்டீனாவுக்கு எதிராகப் பெரு அணி போட்ட கோல் ஒன்றை நடுவர் செல்லாதென்றார். சினங்கொண்ட இரசிகர் சிலர் மைதானத்துள் பாய்ந்தனர். பொலிசார் கண்ணீர்ப்புகை வீசினர். வெளியேற ஓடிய கூட்டம் மூடிய வாயில்களில் நெரிபட்டது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரு கோலுக்கு இத்தனை உயிர்களா என்று நெஞ்சு பதைக்கின்றதன்றோ?

அங்ஙனமாயின், தவறான தீர்ப்பை வாய்மூடி ஏற்பது ஒன்றுதான் வழியா? இக்கேள்விக்கு நல்லதொரு விடையை, யூனியன் கல்லூரிக்கு வித்திட்டோரின் நாடாகிய அமெரிக்காவின் கல்லூரி ஆட்டங்களிலே காண்கிறோம். அந்நாட்டுக் கால்பந்து நம்முடையதினின்றும் வேறானது. பந்தைக் கையிலேந்தி ஓடலாம், எறியலாம். பத்து யார் முன்னேறுவதற்கு ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. நான்கிலும் தவறினால் பந்தை எதிரணியிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

1940ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கோர்ணெல், டார்ட்மத் என்னும் இரு கல்வி நிலையங்கள் மோதின. பதினெட்டு ஆட்டங்களாகத் தோல்வியறியாத கோர்ணெல் அணி, ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருக்க, மூன்றுக்குப் பூச்சியம் எனப் பின்தங்கி நின்றது. அதன் நான்கு முயற்சிகளும் முடிந்துவிட்டன. நடுவர் பிரீசல் எண்ணிக்கை தவறி ஐந்தாவது முயற்சியையும் வழங்கினார். அம்முயற்சியில் கோர்ணெல் ஏழுக்கு மூன்று என்ற கணக்கில் வென்றது. பின்னர் ஆட்டத்தின் படச்சுருளை ஓட்டிப் பார்த்தபோது உண்மை வெளியாயிற்று. நடுவர் தம் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தீர்ப்பை மாற்றும்படி எந்த விதியும் கோர்ணெலை வற்புறுத்தவில்லை. எனினும் அக்கல்லூரியார் வெற்றியைத் துறப்பதாக டார்ட்மத்துக்குத் தந்தி அனுப்பினர். இன்றும் ஏடுகளில் அவ்வாட்டம் டார்ட்மத்தின் வெற்றியாகவே பதிவாகியிருக்கின்றது.

ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. 1990 ஒக்டோபர் 6ஆம் நாள் கொலராடோ, மிசூரி என்னும் இரு பல்கலைக்கழகங்களின் ஆட்டத்தில் அதே பிழை மீண்டும் நேர்ந்தது. எத்தனையாவது முயற்சி என்று காட்டும் எண்ணை உரிய வேளையில் மாற்றத் தவறினர். ஐந்தாவது முயற்சியில் கொலராடோ வென்றது. கணக்கு முப்பத்துமூன்றுக்கு முப்பத்தொன்று. நடுவர் குழுவினர் தண்டிக்கப்பட்டனர், முடிவு மாற்றப்படவில்லை. கொலராடோவும் வெற்றியை விட்டுக்கொடுக்கவில்லை. அவ்வாண்டின் தேசிய வெற்றி மகுடத்திலும் பங்கு பெற்றது. ஆனால், பல ஆண்டுகளின்பின் அதன் பயிற்றுநர் மக்காட்னி அந்நிகழ்ச்சிக்காக மனம் வருந்திப் பேசினார்.

நடுவர் செய்த பிழை இரண்டிடத்தும் ஒன்றே. வேறுபட்டது, அப்பிழையால் நன்மை பெற்றோரின் நடத்தை. கோர்ணெல் ஓர் ஆட்டத்தை இழந்து அழியாப் புகழை ஈட்டிற்று. கொலராடோ மகுடத்தோடு ஒரு மறுவையும் சுமந்தது. நடுவர் தவறினால் தட்டிக்கேட்க வேண்டியவர் தோற்றவர் என்று நாம் எண்ணுகிறோம். வாய் திறக்கவேண்டிய முதல் ஆள் வென்றவர் அல்லரோ?

இதற்கு நம் உதைபந்தாட்ட விதியிலும் இடமுண்டு. தம் தீர்ப்பு பிழையென்று உணர்ந்தால், ஆட்டம் மீண்டும் தொடங்குமுன் நடுவர் அதனை மாற்றலாம். 2012இல் இத்தாலியில் லாட்சியோ அணிக்காக ஆடிய ஜெர்மானிய வீரர் குளோசே, நாப்போலிக்கு எதிராகத் தாம் போட்ட கோல் கையிற்பட்டுச் சென்றதென்று நடுவரிடம் தாமே கூறினார். கோல் நீக்கப்பட்டது, அவர் அணி தோற்றது, எதிரணியினர் அவர் கையைப் பற்றிப் பாராட்டினர்.

பக்கச்சார்பு வேறு, பிழை வேறு என்பதையும் மறத்தலாகாது. நடுவர் வேண்டுமென்றே ஒருபுறம் சாய்ந்தாரெனில், கல்லூரி அதிபர் வாயிலாகப் போட்டியை நடத்துவோருக்கு எழுத்தில் முறையிடுவதே தக்கது. கோட்டோரத்தில் நின்று வசைபொழிவதால் நீதி பிறவாது. வசைக்கு அஞ்சி நல்லவர்கள் விசிலைக் கைவிட்டால், எஞ்சுவோர் யாரென எண்ணிப் பாருங்கள். ஆட்டத்தை விட்டு ஓய்ந்த பழைய மாணவர் விதிநூலைக் கற்று நடுவர் பரீட்சைக்குத் தோற்ற முன்வரவேண்டும். பயிற்சி ஆட்டங்களில் மாணவருக்கும் முறைவைத்து விசிலைக் கொடுத்துப் பார்க்கலாம். ஒரு மாலை நடுவராக ஓடியவன் மறுநாள் நடுவரை ஏசத் தயங்குவான்.

நடுவர் என்ற சொல்லே நடுவில் நிற்பவரைக் குறிப்பது. திருவள்ளுவர் நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். அதனை அரசியலில் வைக்காது இல்லறவியலில் வைத்தார். நடுவுநிலைமை வீட்டில் பயிலவேண்டிய அறம் என்பது அதனாற் பெறப்படும். ஆகவே பெற்றோரே, ஆட்டம் முடிந்து புழுதியோடு வீடுவரும் பிள்ளையிடம், "வென்றாயா?" என்று கேளுங்கள், தவறில்லை. அதனோடு, "உனக்குச் சேராதது எதையும் வாங்கிவந்தாயா?" என்றும் ஒரு சொல் கேளுங்கள். அக்கேள்விக்கு அஞ்சாமல் விடைபகரும் பிள்ளைகளே தெல்லிப்பழையின் மெய்யான வெற்றிக் கிண்ணங்கள்.