நடைபாதையில் சைக்கிள்: யாருக்கு யார் வழிவிடுவது?

சிங்கப்பூரில் நடைபாதையில் சைக்கிள் ஓட்டலாமா? ஓட்டலாம், ஆனால் எல்லா நடைபாதையிலும் இல்லை. மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. நடப்பவருக்கு எப்போதும் வழிவிட வேண்டும். சட்டத்தின் சாரம் இவ்வளவுதான். ஆனாலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இதைப் பற்றிய மனத்தாங்கல் ஓய்ந்தபாடில்லை. விதி எதற்காக வந்தது என்று தெரிந்தால் பாதி மனத்தாங்கல் குறையும் என்று நம்புகிறேன்.

நீண்ட காலம் இங்கே நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவது குற்றமாகவே இருந்தது. 2007இல் தெம்பனிஸ் வட்டாரத்தில் சோதனை முயற்சி ஒன்று தொடங்கியது. 2010 மார்ச்சில் அங்கு மட்டும் சட்டப்படி அனுமதி கிடைத்தது. தீவு முழுவதற்கும் அந்த அனுமதியைக் கொண்டுவந்தது 2018 மே மாதம் நடப்புக்கு வந்த துடிப்புமிக்க நடமாட்டச் சட்டம். காரணம் எளியது. பேருந்தும் லாரியும் விரையும் சாலையில் பத்து வயதுப் பிள்ளையையோ, சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வரும் பாட்டியையோ இறக்கிவிட யாருக்கும் மனம் வராது. தனிச் சைக்கிள் பாதைகளோ அப்போது குறைவு. ஆகவே நடப்பவர்களின் இடத்தில் சைக்கிளுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தார்கள். கொடுத்த இடம் சலுகைதான். நடைபாதை இன்றும் நடப்பவருடையது.

முதலில் நடைபாதை வேக வரம்பு 15 கிலோமீட்டராக இருந்தது. 2019 பிப்ரவரியில் அதை 10 ஆகக் குறைத்தார்கள். சைக்கிளோட்டப் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25 வரை போகலாம். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்தவே ஒரு விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு விநாடியில் சைக்கிள் சுமார் 3 மீட்டர் ஓடிவிடும். பிறகு ஓரளவு நல்ல பிரேக்காக இருந்தால் மேலும் ஒன்றரை மீட்டருக்குள் நின்றுவிடும். 25 கிலோமீட்டர் வேகத்தில் அந்த விநாடிக்கே 7 மீட்டர் போய்விடும். நிற்க இன்னும் 8 மீட்டர் வேண்டும். ஆக, நாலரை மீட்டர் எங்கே, 15 மீட்டர் எங்கே! மோதினால் அடியின் வலுவும் ஆறு மடங்குக்கு மேல்.

இப்போது ஒரு புளோக்கின் முனையை நினைத்துப் பாருங்கள். சுவரையொட்டி நடைபாதை வலப்பக்கம் திரும்புகிறது. மின்தூக்கியை விட்டு வெளியே வரும் தாத்தா, கையில் ஊன்றுகோலோடு அந்த முனையைத் தாண்டி ஓரடி வைக்கிறார். சைக்கிள்காரர் அவரை முதன்முதலாகப் பார்க்கும்போது இருவருக்கும் இடையே நான்கைந்து மீட்டர்தான் இருக்கும். 10 கிலோமீட்டரில் வந்தவர் எப்படியாவது நிறுத்திவிடுவார், 25இல் வந்தவரால் முடியாது. முதியவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் அது ஒரு மாதத்துக் கதையாக முடிவதில்லை, பலர் அதன்பிறகு தனியாக நடக்கும் தெம்பையே இழக்கிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த விதி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பெரும்பாலான சைக்கிள்களில் வேகமானி கிடையாது, பத்து என்பதை எப்படி அறிவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மெல்லோட்டம் ஓடுபவரின் வேகம் ஏறத்தாழ அதுதான். பக்கத்தில் ஓடுபவரைச் சுலபமாகத் தாண்டிப் போகிறீர்கள் என்றால் வரம்பை மீறிவிட்டீர்கள்.

மணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணி அடிப்பது ‘நான் வருகிறேன்’ என்று தெரிவிப்பதற்கு மட்டுமே. ‘விலகு’ என்று சொல்ல அதற்கு உரிமையில்லை. காது மந்தமானவருக்கு அது கேட்காமலே போகலாம். கேட்டவரும் திடுக்கிட்டு எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்று சொல்ல முடியாது. தூரத்திலேயே மெதுவாக ஒருமுறை அடித்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, அவர் ஒதுங்கிய பிறகு கடப்பதே சரி. பேருந்து நிறுத்தத்தில் கூட்டம் இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது மேல். சாலையைக் கடக்குமிடத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் கடக்க வேண்டும்; அது சட்டம்.

மின்ஸ்கூட்டருக்கும் முதலில் கிடைத்திருந்த நடைபாதைச் சலுகை நிலைக்கவில்லை. 2019 செப்டம்பரில் பிடோக்கில் மின்ஸ்கூட்டர் மோதி, சைக்கிளில் சென்ற 65 வயது மாது ஒருவர் உயிரிழந்தார். அவ்வாண்டு நவம்பர் 5ஆம் தேதி முதல் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர் தடைசெய்யப்பட்டது. அதை நம்பி உணவு விநியோகம் செய்தவர்களுக்கு அது பேரிடி. வேறு வாகனத்துக்கு மாற அரசும் உணவு விநியோக நிறுவனங்களும் சேர்ந்து 7 மில்லியன் வெள்ளி ஒதுக்கின. மின்சைக்கிளுக்கும் நடைபாதையில் இடமில்லை. சைக்கிளோட்டப் பாதையிலும் சாலையிலும் மட்டுமே ஓட்டலாம். காலால் மிதிக்கும் சைக்கிளுக்கோ நடைபாதை இன்னும் திறந்திருக்கிறது.

அதிலும் 2025 ஜூலை 1 முதல் ஒரு மாற்றம். சைக்கிளோட்டப் பாதையும் நடைபாதையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இடங்களில், நடைபாதை நடப்போருக்கு மட்டும் என்று குறிக்கப்படுகிறது. தரையில் அதற்கான அடையாளம் தீட்டப்பட்டிருக்கும். அதில் சைக்கிள் ஏறக்கூடாது. மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சக்கர நாற்காலிக்கு இந்தத் தடை இல்லை. சைக்கிளோட்டப் பாதைகளை 2030க்குள் சுமார் 1,300 கிலோமீட்டராக நீட்டிப்பது திட்டம். பாதை நீள நீள, நடப்போருக்கு மட்டுமான இடமும் கூடும். முதலிலேயே இப்படிப் பிரித்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஒன்றரை மீட்டர் அகலமே உள்ள பழைய நடைபாதையில் தள்ளுவண்டியும் சைக்கிளும் எதிரெதிரே வந்தால், எவ்வளவு மரியாதை இருந்தாலும் இடம் போதாது.

நடப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பக்கத்தில் நடைபாதை இருக்கும்போது சிவப்புச் சைக்கிள் பாதையில் குடும்பத்தோடு பரந்து நடக்க வேண்டாம். கைப்பேசியைப் பார்த்தபடி சட்டென்று குறுக்கே திரும்பவும் வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் மோதல் நேர்ந்துவிட்டால், ஓட்டியவர் அங்கேயே நிற்க வேண்டும். அடிபட்டவருக்கு உதவ வேண்டும். தம் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தர வேண்டும். கேட்டால்தான் தருவேன் என்று காத்திருக்க வேண்டாம். விழுந்தவர் ‘ஒன்றுமில்லை’ என்று எழுந்து நடந்தாலும் விவரத்தைக் கொடுத்துவிடுங்கள். வயதானவர்களுக்கு வலி சில வேளைகளில் வீட்டுக்குப் போன பிறகே தெரியும்.