துப்பறியும் கதையும் தடய விஞ்ஞானமும்

கரோல் பாகில் வாழும் தமிழர் இல்லங்களுக்கு ஊரிலிருந்து வருவோர் கொண்டுவரும் பொருள்களில் அப்பளமும் காப்பிப் பொடியும் எவ்வளவு முக்கியமோ, துப்பறியும் நவீனங்களும் அவ்வளவு முக்கியமானவை. ஒரு வீட்டுக்கு வந்த புத்தகம் நான்கு வீடுகள் சுற்றி, அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் காணாமற்போய்த் திரும்பி வரும். கொலையாளியின் பெயர் அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் இருந்திருக்கும்!

அப்படி ஒரு புத்தகத்தைத் திருப்பித் தர வந்த நண்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: “மேசைமேல் ஒரு விரல் ரேகை இருந்ததாம், அதைப் பார்த்த மாத்திரத்தில் ‘கொலைகாரன் இவனே’ என்று துப்பறிபவர் சொல்லிவிட்டாராம். உண்மையிலும் இப்படித்தானா, ஐயா?”

நல்ல கேள்வி. கதையைப் படிக்கும் நாமே ஒரு நாள் சாட்சியாகவும் நிற்க நேரலாம். ஆகவே, இதற்கு விடை காண முயல்வது வீண் வேலையன்று.

கதையும் விஞ்ஞானமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்தவை. 1887-இல் கானன் டாயில் தம் ஷெர்லக் ஹோம்ஸை உலகுக்கு அறிமுகப்படுத்தியபோது, இரத்தக் கறையைக் கண்டறியும் புதிய ரசாயன முறை ஒன்றைக் கண்டுபிடித்த களிப்பில் திளைப்பவராகவே காட்டினார். ஒரு கறை மனித இரத்தந்தானா என்று பிரித்தறியும் நம்பத்தக்க சோதனை, 1901-இல்தான் ஜெர்மானிய அறிஞர் உலென்ஹூத்தால் கிடைத்தது. 1910-இல் பிரான்சின் லியோன் நகரில் போலீஸ் ஆய்வுக்கூடம் நிறுவிய எட்மண்ட் லோகார், ஹோம்ஸ் கதைகளைப் படிக்குமாறு பிறருக்குப் பரிந்துரைத்தவர். கதாசிரியரின் கற்பனை முன்னே நடக்க, விஞ்ஞானி பின்னே நடந்து வந்தார் என்றே சொல்லலாம்.

தமிழிலும் இத்துறைக்குப் பழமை உண்டு. ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வாசகரைத் தூக்கமிழக்கச் செய்தார்கள். தேவன் படைத்த சாம்புவோ, அறிவால் அன்றி அதிர்ஷ்டத்தால் துப்புத் துலக்கி நம்மைச் சிரிக்க வைத்தான். தில்லியில் சில காலம் பணியாற்றிய சுஜாதா, வழக்கறிஞர் கணேஷை இத்தலைநகரிலேயே உலவவிட்டபோது, நம் தெருவில் நடப்பதுபோலவே நமக்குத் தோன்றியது.

இனி, உண்மை வழக்குகளுக்கு வருவோம். 1897-இல் கல்கத்தாவில் கைரேகை நிலையம் நிறுவப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை வகுப்பதில் அஜீஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்தியர்களின் உழைப்புப் பெரிது. அடுத்த ஆண்டே அம்முறை சோதனைக்கு உள்ளாயிற்று. வங்காளத்து ஜல்பாய்குரி மாவட்டத்தில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொலையுண்டு கிடந்தார். அவருடைய பொருள்களிடையே இருந்த ஒரு வங்காளிப் பஞ்சாங்கத்தில் இரத்தம் தோய்ந்த பெருவிரல் அடையாளம் காணப்பட்டது. முன்னர் அவரிடம் திருடிச் சிறை சென்ற வேலைக்காரன் ஒருவனின் ரேகை கல்கத்தா நிலையத்தில் இருந்தது. இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது.

கதையானால் இங்கே ‘முற்றும்’ போட்டிருப்பார்கள். நீதிமன்றம் என்ன செய்தது? திருட்டுக் குற்றத்திற்காக அவனைத் தண்டித்தது. கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. விரல் ரேகை, அவன் அப்பொருளைத் தொட்டான் என்று சொல்லிற்று. கத்தியைப் பிடித்தவன் அவனே என்று சொல்லவில்லை. தடயம் எதுவரை பேசுகிறதோ அதுவரைதான் நீதியும் நடக்கலாம் என்பதை, தொடக்க வழக்கே நமக்குக் கற்பித்துவிட்டது.

நம் தமிழகத்துக்கு வருவோம். நஞ்சூட்டிய வழக்குகளை ஆராய, 1849-ஆம் ஆண்டிலேயே சென்னையில் ரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடம் ஏற்பட்டது. நூறாண்டுகளுக்குப் பின், 1952 ஆகஸ்டில், ஆளவந்தார் கொலை வழக்கு நாட்டையே உலுக்கியது. சென்னையிலிருந்து புறப்பட்ட இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸில் இருந்த ஒரு டிரங்குப் பெட்டி துர்நாற்றம் வீசவே, மானாமதுரையில் அதைத் திறந்து பார்த்தார்கள். தலையற்ற உடல் இருந்தது. தலை, சென்னை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. டிரங்குப் பெட்டியுடன் ரயிலேறி வாழ்வு தேடி வந்த நம் போன்றோருக்கு அச்செய்தி எத்தகைய நடுக்கத்தைத் தந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சி. பி. கோபாலகிருஷ்ணன், தலையும் உடலும் ஒருவருடையவையே என்று ஆராய்ந்து கண்டார். பல்லின் அமைப்பும் காதுத் துளையும் இறந்தவர் யார் என்று அடையாளம் காண உதவின. விஞ்ஞானம் விடையளித்தது ‘இவர் யார்?’ என்ற கேள்விக்கு. ‘ஏன் நடந்தது? எவ்வளவு குற்றம்?’ என்பனவற்றுக்குச் சாட்சிகளின் சொல்லும், ஜூரிகளின் முடிவும், நீதிபதியின் மனமும் தேவைப்பட்டன. 1953-இல் வழக்கை விசாரித்தவர் நீதிபதி ஏ. எஸ். பஞ்சாபகேச ஐயர், அவரே நாடகங்களும் நவீனங்களும் எழுதிய எழுத்தாளர். குற்றம் சாட்டப்பட்ட கணவனுக்கு ஏழாண்டும் மனைவிக்கு மூன்றாண்டும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டன, தூக்குமேடை வரவில்லை.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் வேறொரு பாடமும் தெரிகிறது. நிபுணரின் அறிக்கை பெரும்பாலும் ‘ஒத்திருக்கிறது’ என்று சொல்லும். ‘அவனுடையதே’ என்று சொல்லாது. சட்டையிலுள்ள இரத்தம் பி பிரிவு. சந்தேகத்துக்குரியவரும் பி பிரிவு. நம் நாட்டில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் பி பிரிவினர். அப்படியிருக்க, ‘ஒத்திருக்கிறது’ என்பதை ‘அவனுடையதே’ என்று பெயர்த்துவிட்டால், பிழை ஒரு சொல்லில்தான். ஆனால் அச்சொல்லில் தொங்குவது ஓர் உயிர். கதாசிரியர் செய்வது பெரும்பாலும் இம்மொழிபெயர்ப்பே. பக்கங்கள் குறைவு, வாசகருக்குப் பொறுமையும் குறைவு. தடயத்தை உறையிலிட்டு முத்திரை வைத்ததும், அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்று எழுதிவைத்ததும் கதையில் இடம்பெறுவதில்லை. நீதிமன்றத்திலோ முதற்கேள்வியே அதுதான்.

இதனால் கதைகளை வெறுக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அகாதா கிறிஸ்டி மருந்தகத்தில் பணிபுரிந்தவர்; நஞ்சுகளை நன்கறிந்தவர். 1961-இல் வெளியான அவருடைய நவீனம் ஒன்றில் தாலியம் என்னும் நஞ்சின் அடையாளங்களை விவரித்திருந்தார். 1977-இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் காரணம் தெரியாது வாடிய குழந்தையைப் பார்த்த தாதி ஒருவர், அக்கதையை நினைவுகூர்ந்து ‘இது தாலியமாக இருக்கலாமே’ என்றார், சோதனை அதை உறுதிசெய்தது, குழந்தை பிழைத்தது. தாதி சொன்னது ‘இருக்கலாம்’ என்பதே. உறுதி சொன்னது ஆய்வுக்கூடம். கதை வினாவை எழுப்பியது; விஞ்ஞானம் விடையைத் தேடியது. இரண்டுக்கும் உரிய உறவு இதுவே.

மரபணுச் சோதனையின் வரலாறும் அவ்வாறே. 1986-இல் இங்கிலாந்தில் ஓர் இளைஞன் ஒரு கொலையைத் தானே செய்ததாக ஒப்புக்கொண்டிருந்தான். புதிய சோதனை அவன் குற்றவாளி அல்லன் என்று காட்டி விடுதலை தந்தது. கதைகளில் தடயம் குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்கும். வாழ்வில் அதன் தலையாய பணி நிரபராதியைக் காப்பதும் ஆகும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதை, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் நேரில் சென்று சான்றுகளைத் திரட்ட வேண்டும் என்கிறது. மாநிலங்கள் ஐந்தாண்டுகளுக்குள் இதற்கு வகைசெய்ய வேண்டும். ஆனால் நிபுணர் வருவதற்குமுன் அவ்விடத்தில் நிற்பவர்கள் யார்? அண்டை வீட்டாராகிய நாமே. நெருக்கமான நம் சந்துகளில் ஏதேனும் நேர்ந்தால், இரக்கத்தாலோ ஆவலாலோ பத்துப் பேர் உள்ளே நுழைந்துவிடுகிறோம். காயமுற்றவருக்கு உதவுவது முதற்கடமை. அதற்குமேல் எதையும் தொடாமலும், கழுவாமலும், யாரையும் ‘இவனே’ என்று சுட்டாமலும் இருப்பது இரண்டாம் கடமை.

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி, ஐயா; இந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் யாரிடம் இருக்கிறது?” என்றார். அவர் கையிலேயே இருக்கலாம் என்று நமக்கு ஐயம். ஆனால் சான்று இல்லை, ஆகவே பேசாதிருந்தோம்.