கிலோமீட்டருக்கு 5 பைசா

ஒரு சிறிய காரை வைத்துக் கணக்குப் போடுவோம். 14 அங்குல ரிம். புது டயரின் பட்டன் ஆழம் 8 மி.மீ., ஒழுங்காக ஓடினால் ஆயுள் 40,000 கி.மீ. டயர் ஒன்று 4,000 ரூபாய், வீல் அலைன்மென்ட் ஒருமுறைக்கு 500 ரூபாய் என்று கொள்வோம். விலை ஊருக்கு ஊர் மாறும்; உங்கள் பில்லில் உள்ள தொகையைப் போட்டுப் பார்க்கலாம்.

இழுபடும் தூரம்

முன்சக்கரங்களின் முன்பக்க இடைவெளிக்கும் பின்பக்க இடைவெளிக்கும் ரிம் விளிம்பில் உள்ள வித்தியாசம்தான் டோ. பூஜ்யம் இருக்க வேண்டிய காரில் அது 3 மி.மீ. காட்டினால், சக்கரத்துக்கு 1.5. ரிம் விட்டம் 356 மி.மீ.; வகுத்தால் ஆயிரத்துக்கு 4.2. கிலோமீட்டருக்கு 4.2 மீட்டர் டயர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கி.மீ. ஓட்டத்தில் அது 42 கி.மீ.

தேய்மானம்

டோ-இன் கூடினால் வெளி ஓரம் தேயும். டோ-அவுட் ஆனால் உள் ஓரம். உள் ஓரத் தேய்மானம் நின்று பார்த்தால் தெரியாது. காருக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ. ஆக, ஓட்டத்துக்கு உள்ள ரப்பர் 6.4 மி.மீ. ஓரம் இருமடங்கு வேகத்தில் கரைந்தால் 20,000 கி.மீ.யிலேயே எல்லை வந்துவிடும். நடுவில் 4.8 மி.மீ. இருந்தும் டயரைக் கழற்றத்தான் வேண்டும்.

முன் டயர் இரண்டின் செலவு, கிலோமீட்டருக்கு

- 40,000 கி.மீ. ஓடினால்: 20 பைசா
- 20,000 கி.மீ.யில் கழித்தால்: 40 பைசா
- 10,000 கி.மீ.க்கு ஒரு அலைன்மென்ட்: 20 + 5 = 25 பைசா
- 5,000 கி.மீ.க்கு ஒன்று: 20 + 10 = 30 பைசா

25 பைசா என்பது 32,000 கி.மீ. ஓடிய டயரின் செலவு. ஆகவே கோணல் 8,000 கி.மீ.க்கு மேல் ஆயுளைத் தின்னும் என்றால் 10,000 கி.மீ. வழக்கம் லாபம். 5,000 கி.மீ. வழக்கம் கட்டுபடியாக, கோணல் 13,300 கி.மீ.யாவது தின்ன வேண்டும். பள்ளத்தில் பலமாக விழுந்தாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ மட்டும் முன்கூட்டியே போகலாம்.

திருத்தம்

பல சிறிய கார்களில் கடைக்காரர் திருப்புவது டை ராட் மட்டுமே. மரை சுற்றுக்கு 1.5 மி.மீ. நகர்ந்து, ஸ்டியரிங் ஆர்ம் 120 மி.மீ. இருந்தால், ஒரு சுற்று ரிம்மில் 4.4 மி.மீ. ஆகிறது. 3 மி.மீ. பிழைக்கு இருபுறமும் மூன்றில் ஒரு சுற்று போதும். ஒரே பக்கம் திருப்பினால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும்.

காற்றழுத்தம், பால் ஜாயின்ட், புஷ் மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஜாயின்டில் ஆட்டம் இருந்தால் வைத்த அளவு நிற்காது. அந்த 500 ரூபாய் வெறும் செலவுதான்.