போனவனும் இருந்தவனும்

ஜெர்மன் கிராமத்துக் குடும்பக் கதை ஒன்று, மாட்டுங்காவுக்குப் புதிதல்ல

அண்ணன், தம்பி இருவர். வெளிநாட்டுக் கனவு தம்பி யாகோபுக்குத்தான். பிரேசில் பற்றிக் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படிக்கிறான். அங்குள்ள பழங்குடிகளின் மொழியைக்கூடக் கற்கிறான். ஆனால் கடைசியில் கப்பலேறுவது அண்ணன் குஸ்டாஃப். அதுவும் தம்பி நேசித்த பெண்ணை மணந்து, அவளையும் அழைத்துக்கொண்டு. அப்பாவின் கொல்லுப்பட்டறையும் பெற்றோரும் தம்பியின் பொறுப்பாகின்றன.

எட்கர் ரைட்ஸ் இயக்கிய 'டீ ஆண்டெரெ ஹைமாட்' (2013) என்ற ஜெர்மன் படத்தின் கதை இது. தலைப்பைத் தமிழில் 'இன்னொரு சொந்த ஊர்' எனலாம். ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓடும் கறுப்பு வெள்ளைப் படம். பட்டறையில் காய்ச்சிய லாடம் மட்டும் திடீரெனச் செக்கச்செவேலென்று ஒளிரும். 2014-ல் ஜெர்மனியின் தேசிய விருதுகளில் சிறந்த படத்துக்கான தங்கப் பரிசு இதற்குக் கிடைத்தது.

கதை நடப்பது 1840-களில், ஹுன்ஸ்ரூக் மலைப்பகுதியில். விளைச்சல் பொய்த்து, வரி கழுத்தை நெரிக்க, குடும்பம் குடும்பமாக வண்டி கட்டிப் பிரேசிலுக்குக் கிளம்பிய காலம் அது. அவர்கள் கொண்டுபோன வட்டார வழக்கைத் தென் பிரேசிலில் இன்றும் பேசுகிறார்கள். ரைட்ஸும் அந்த மண்ணில் 1932-ல் பிறந்து, படிப்புக்காக மியூனிக் போனவர்தான்.

மாட்டுங்காவில் இந்தக் கதை புரிய ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 1896-ல் பம்பாயைப் பிளேக் தாக்கிய பிறகு, நகர மேம்பாட்டு டிரஸ்ட் திட்டமிட்டு எழுப்பிய பகுதி இது. பாலக்காடு, தஞ்சாவூர் பக்கத்திலிருந்து டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் கற்ற இளைஞர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் 1952-ல் ஷண்முகானந்த சபாவும் உருவாயின. பாலக்காட்டுத் தமிழும் கூடவே வந்து குடியேறியது.

ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு சகோதரர் இருந்தார். மாதம் பிறந்தால் மணியார்டர் போகும். பணம் அனுப்பியவரின் பெருமையை ஊரே பேசியது. அப்பாவுக்கு வேளாவேளைக்கு மருந்து கொடுத்தவரை யாரும் பெரிதாகப் பேசவில்லை. பாகப்பிரிவினை என்று வந்தபோதுதான் பல வீடுகளில் இந்தக் கணக்கு வெடித்தது. அனுப்பிய பணத்துக்கு ரசீது இருந்தது. கண்விழித்த இரவுகளுக்கு ஏது ரசீது?

ரைட்ஸ் தீர்ப்புச் சொல்வதில்லை. போனவனைத் துரோகியாக்கவில்லை, இருந்தவனைத் தியாகியாக்கவும் இல்லை. ஓடிப்போக நினைத்த கிராமத்திலேயே யாகோப் மணம் முடித்து, மெல்ல ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்கிறான்.

இன்று மாட்டுங்காவின் பிள்ளைகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். பழைய அடுக்குமாடி வீடுகளில் தொலைபேசிக்காகக் காத்திருப்பவர்கள், ஒரு காலத்தில் ஊரிலிருந்து பெட்டியோடு ரயிலேறியவர்கள். போனவர்கள் இப்போது இருப்பவர்களாகிவிட்டார்கள்.