உங்களுக்குத் தெரியுமா? சீசன் முழுக்க உழைத்தவருக்கு ஒரு கோப்பை

அமெரிக்காவின் சிறு நகரங்களில் பேர்போன ஐஸ் ஹாக்கிப் போட்டி, இ.சி.எச்.எல். லீக். ஒரு சீசனுக்கு ஓர் அணி 72 ஆட்டம் ஆட வேண்டும். ஜெயித்தால் 2 புள்ளி, கூடுதல் நேரத்தில் தோற்றாலும் 1. இப்படிச் சேர்த்ததில் முதலிடம் பிடிக்கும் அணிக்குத்தான் பிராபம் கோப்பை. 1988-இல் லீக்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹென்றி பிராபமின் பெயரில் தரப்படுகிறது. அடுத்து நடக்கும் நாக்-அவுட்டில் வெல்பவருக்குக் கெல்லி கோப்பை. ஊர் கொண்டாடுவது கெல்லியை. எனக்குப் பிராபம்தான் உசத்தி. சில வாரம் நன்றாக ஆடுவதைவிட ஆறு மாதம் சறுக்காமல் நிற்பது கடினம்.

*

பெரிய லீக்கான என்.எச்.எல்.லில் 2018-19 சீசனில் டாம்பா பே அணி 62 ஆட்டங்களை வென்று, 128 புள்ளியோடு முதலிடம். நாக்-அவுட்டின் முதல் சுற்றிலேயே கொலம்பஸ் அணியிடம் நாலுக்கு நாலும் தோற்று வெளியேறியது!

*

நம்மூர்க் கால்பந்திலும் இது நடந்தது. ஐ.எஸ்.எல். 2019-20-இல் லீக் சுற்று வெற்றியாளருக்கு முதன்முதலாக ஷீல்டு தந்தார்கள். 18 ஆட்டத்தில் 39 புள்ளி எடுத்த கோவா அதை வாங்கியது. நாலாவது இடத்தில் இருந்த சென்னையின் எப்.சி.யோ அரையிறுதியில் கோவாவை 6-5 என்ற மொத்த கோல் கணக்கில் வெளியேற்றியது. சென்னைக்காரர்களுக்கு மறக்க முடியாத இரண்டு இரவுகள். ஆனாலும் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆடும் இடம், ஷீல்டு வென்ற கோவாவுக்கே கிடைத்தது. நியாயமான ஏற்பாடு.

*

அந்தமானில் பனித்தளம் கிடையாது. ஆனால் புள்ளி சேர்த்துத் தரவரிசையில் ஏறும் வித்தையை அந்தத் தீவுப் பிள்ளைகள் சைக்கிளில் காட்டியிருக்கிறார்கள். 2004 சுனாமியில் மரத்தில் தொற்றி உயிர் பிழைத்த டெபோரா ஹெரால்டு, அப்போது ஒன்பது வயதுச் சிறுமி. பின்னாளில் 500 மீட்டர் டைம் ட்ரயல் உலகத் தரவரிசையில் நாலாம் இடம் வரை போனார்.

*

அதே தீவுக்கூட்டத்தின் ஈசோ ஆல்பன், 2018-இல் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி வென்றார். கெய்ரினில் ஒரு மோட்டார் சைக்கிள் முன்னே போய் வேகத்தைக் கூட்டிக்கொண்டே இருக்கும், வீரர்கள் அதன் பின்னால் வரிசையாக ஓட்டுவார்கள். மூன்று சுற்று பாக்கி இருக்கும்போது அது விலகிவிடும். அப்புறம் முட்டி மோதி முந்த வேண்டியதுதான். வீரர்கள் ஓட்டும் சைக்கிளுக்குப் பிரேக்கே இல்லை.