மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைக்காதீர்கள்

எமது புத்தளம் கரையோரத்துக்கு மண்ணெண்ணெய் புதிய பொருளல்ல. படகு எஞ்சின்களுக்கு அது தேவைப்படுகிறது. மின்சாரம் நின்றால் குப்பி விளக்குக்கும் வேண்டும். 2022இல் சமையல் எரிவாயு கிடைக்காமல் போனபோது, மூலையில் கிடந்த மண்ணெண்ணெய் அடுப்புகள் பல வீடுகளில் மீண்டும் எரிந்தன. வாங்கி வந்த எண்ணெயைப் பெரும்பாலும் வெறும் சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோதான் ஊற்றி வைக்கிறோம். தாகமெடுத்த இரண்டு வயதுப் பிள்ளைக்கு அதுவும் தண்ணீர்தான்.

பிள்ளை குடித்துவிட்டது என்று தெரிந்ததும் உம்மாவும் உம்மும்மாவும் பதறிப்போய்த் தொண்டைக்குள் விரலை விடுவார்கள். அல்லது தேங்காய்ப்பாலைப் பருக்குவார்கள். வடமத்திய மாகாணக் கிராமப்புறச் சிறுவர்களைப் பற்றி 2017இல் வெளியான ஓர் ஆய்விலும் தேங்காய்ப்பால் பருக்கிய பழக்கம் பதிவாகியுள்ளது. அன்பினால் செய்யும் இந்தக் காரியமே பிள்ளைக்கு ஆபத்தாகிறது. ஏன்?

மண்ணெண்ணெய் வயிற்றுக்குள் போனால் உடலில் சேர்வது குறைவு. அது பெருங்கேடு செய்வது நுரையீரலுக்குத்தான். தண்ணீரைப் போல ஓடி, எளிதில் பரவும் எண்ணெய் அது. விழுங்கும்போது புரையேறினால் ஒரு சிறு அளவே நுரையீரலில் விரிந்து பரவிவிடும். நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் சுருங்கி ஒட்டிவிடாமல் காக்கும் மெல்லிய படலத்தை அது கெடுக்கிறது. அதனால் அழற்சி உண்டாகி மூச்சுத் திணறுகிறது. வாந்தி எடுக்க வைத்தால், வயிற்றில் கிடந்த எண்ணெய் மீண்டும் தொண்டைக்கு வந்து, நுரையீரலுக்குள் போக இரண்டாவது வழி கிடைக்கிறது. பால், தேங்காய்ப்பால், உப்புத் தண்ணீர் எல்லாம் வாந்தியைத் தூண்டக்கூடியவை.

குடித்தவுடன் பிள்ளை இருமினால், புரையேறினால், எண்ணெய் உள்ளே போயிருக்கலாம் என்று கொள்ளுங்கள். வேகமான மூச்சு, முனகல், மூச்சு விடும்போது விலா இடுக்குகள் உள்ளிழுத்தல், உதடு நீலமாதல், தூக்கக் கலக்கம், காய்ச்சல் ஆகியவை பின்னர் தோன்றலாம்.

அந்நேரம் செய்யவேண்டியவை:

1. பிள்ளையை நெருப்பிலிருந்து விலக்கி, எண்ணெய் பட்ட உடுப்பைக் கழற்றி, தோலைச் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள்.
2. வாயைத் துடைத்துவிடுங்கள். குடிக்கவோ உண்ணவோ எதுவும் கொடுக்கவேண்டாம்.
3. நிமிர்த்தி உட்கார வையுங்கள். தானாக வாந்தி வந்தால் தலையைத் தாழ்த்திப் பிடியுங்கள். மயங்கினால் ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள்.
4. 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் உடனே வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். எண்ணெய் இருந்த போத்தலையும் கொண்டு செல்லுங்கள்.

பத்தலங்குண்டு போன்ற தீவுகளில் வாடி போட்டுத் தங்குவோர் படகில்தான் கரை சேரவேண்டும். அவர்கள் அறிகுறி தெரியும்வரை காத்திருக்கக்கூடாது.

வைத்தியசாலையில் வயிற்றைக் கழுவவில்லை, மருந்தும் தரவில்லை என்று சில பெற்றோர் மனம் நோவதுண்டு. வயிற்றைக் கழுவினாலும் எண்ணெய் நுரையீரலுக்குப் போகலாம் என்பதால்தான் வைத்தியர்கள் அதைத் தவிர்க்கிறார்கள். மண்ணெண்ணெய்க்கு மாற்று மருந்தும் கிடையாது. மூச்சையும் ஒட்சிசன் அளவையும் கவனிப்பதும், தேவையானால் ஒட்சிசன் கொடுப்பதும், எக்ஸ்ரே எடுப்பதுமே சிகிச்சை. நிலைமை மோசமானால் செயற்கைச் சுவாசம் தரப்படும். பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தாலும் குறைந்தது ஆறு மணித்தியாலமாவது அவதானிப்பில் இருக்கவேண்டும். அதற்குமுன் வீட்டுக்குப் போக அவசரப்படவேண்டாம்.

இது பிள்ளைகளுக்கு மட்டுமான ஆபத்தல்ல. குழாயை வாயில் வைத்து உறிஞ்சி மண்ணெண்ணெயையோ பெற்றோலையோ இறக்கும் வாப்பாமார், காக்காமாருக்கும் ஒரு மிடறு தவறினால் இதே கதிதான். அதற்கென உள்ள கைப்பம்பியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். தின்னர், டர்பன்டைன் ஆகியவற்றிலும் இதே கவனம் வேண்டும்.

மாணவிகளே, இன்று வீட்டுக்குப் போனதும் அடுப்படியில் தேடிப் பாருங்கள். சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் இருந்தால் அதை இறுக்கமான மூடியுள்ள கேனுக்கு மாற்றி, பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்துப் பூட்டுங்கள். தேங்காய்ப்பால் ஏன் கூடாது என்பதை உம்மும்மாவுக்கும் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.