பாட ஆசிரியர் சங்கங்களும் தொழில் அடையாளமும்

பாட ஆசிரியர் சங்கம் என்பது, ஒரே பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அப்பாடத்தின் கற்பித்தல் முறை, பாடநூல், தேர்வு ஆகியவற்றைப் பற்றிக் கூடிப் பேச அமைத்துக்கொள்ளும் அமைப்பு ஆகும். ஊதியம், இடமாறுதல், ஓய்வூதியம் ஆகியவற்றுக்காகப் போராடும் ஆசிரியர் சங்கங்களிலிருந்து இது வேறுபட்டது. ஒரே ஆசிரியர் இரண்டிலும் உறுப்பினராக இருப்பதுண்டு. முன்னது "நான் கணித ஆசிரியர்" என்ற அடையாளத்தையும், பின்னது "நான் ஆசிரியர்" என்ற அடையாளத்தையும் வளர்க்கிறது.

இவ்வகைச் சங்கங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று 1871இல் இங்கிலாந்தில் தோன்றியது. வடிவியலுக்கு யூக்ளிடின் நூலையே மாற்றமின்றிப் பின்பற்றும் வழக்கத்தை எதிர்த்த ஆசிரியர்கள் அதைத் தொடங்கினர். சம்பளம் அதன் கோரிக்கையாக இருக்கவில்லை.

தமிழ்நாட்டில், இந்தியக் கணித ஆசிரியர்கள் சங்கம் 1965இல் சென்னையில் உருவானது. ஆசிரியர்களுக்கு ஓர் இதழும் மாணவர்களுக்கு ஓர் இதழும் வெளியிட்டு, தேசிய அளவில் கணிதத் திறனறி போட்டியையும் நடத்துகிறது. 1974இல் ஆங்கில ஆசிரியர்களுக்கான சங்கமும் சென்னையில் தொடங்கப்பட்டது.

கணிதச் சங்கத்தின் வளர்ச்சியில் பெரும் பங்காற்றிய பி. கே. சீனிவாசன், சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப்பள்ளியின் கணித ஆசிரியர். இராமானுசனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் திரட்டித் தொகுத்தார். 1968இல் அந்தப் பள்ளியின் பெயரிலேயே அத்தொகுப்பு வெளிவந்தது. இராமானுசன் வரலாற்றை எழுதுவோருக்கு அது இன்றும் மூல ஆவணம். பள்ளி ஆசிரியர் பாடத்தை நடத்துபவர் மட்டுமல்லர், அத்துறைக்குப் பங்களிப்பவரும் ஆவார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

எல்லாப் பாடங்களுக்கும் இந்த மதிப்பு ஒரே அளவில் கிடைத்ததில்லை. ஆங்கிலேயர் காலப் பள்ளிகளில் தமிழ்ப் பண்டிதர்கள் மற்றப் பாட ஆசிரியர்களைவிடக் குறைந்த ஊதியமே பெற்றனர். தலைமையாசிரியர் பதவியும் நெடுங்காலம் அவர்களுக்கு எட்டவில்லை. பாடத்தின் மதிப்பே ஆசிரியரின் மதிப்பானது.

இதன் இன்னொரு முகத்தை ஓசூரில் காணலாம். கர்நாடக, ஆந்திர எல்லைகளை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தெலுங்கு, கன்னட, உருது வழிப் பள்ளிகள் உள்ளன. சிப்காட் தொழிற்பேட்டை வருவதற்கு முன்பிருந்தே இப்பகுதி பல மொழிகள் பேசும் பகுதிதான். தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம், 2006, முதல் மொழிப் பாடமாகத் தமிழைக் கட்டாயமாக்கியது. 2006–07இல் முதல் வகுப்பில் தொடங்கிய நடைமுறை 2015–16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. சிறுபான்மை மொழிகள் விருப்பப் பாடங்களாயின. மொழிச் சிறுபான்மையினர் அமைப்பு நீதிமன்றத்தை அணுகியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

அங்கே பேசப்பட்டது பெரும்பாலும் மாணவர்களின் தேர்வு பற்றியே. ஆசிரியர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒரே தெலுங்கு வழிப் பள்ளியில் கணிதம் நடத்துபவரின் பாடம் கட்டாயப் பாடமாகவே தொடர்ந்தது. பக்கத்து வகுப்பில் தெலுங்கு இலக்கணம் நடத்துபவரின் பாடமோ, மாணவர் விரும்பினால் எடுத்துக்கொள்ளும் பாடமாகிவிட்டது.